செத்த பெட்டிகளுக்கு ஓர் அறை

மாடி அறையை வாடகைக்கு விடுவது என்று கீழே முடிவாகிவிட்டிருந்தது. எனக்கு அது தெரிந்தது ஈரத்துணி வாளியோடு மாடிக்கு ஏறியபோதுதான். எங்களோடேயே இருக்கும் என் கணவரின் அக்கா கையில் அளவு டேப்போடு என் மேசைக்கும் சுவருக்கும் நடுவே குனிந்து நின்றிருந்தார்.

"கட்டில் போட்டா பீரோவுக்கு எடமில்ல. பீரோ வெச்சா கட்டில் போட முடியாது. இந்தக் குப்பையெல்லாம் ஒழிஞ்சா ரெண்டும் அடங்கும்" என்றார், என்னைப் பார்க்காமல், டேப்பைப் பார்த்து.

"யாருக்கு அண்ணி கட்டில்?"

"வாடகைக்கு வர்றவங்களுக்கு. வேற யாருக்கு, எனக்கா?"

அவர் குப்பை என்றது இதைத்தான்: பழைய கதவொன்றைப் படுக்கப்போட்டுச் செய்த மேசை. ஊறுகாய் பாட்டில்களில் தரம் பிரித்துப் போட்ட ரெசிஸ்டர்கள். வயிறு திறந்த ரேடியோ, மூடி கழன்ற ஆம்ப்ளிஃபயர், முள் ஆடாத மீட்டர்கள், மழைக்கு ஒதுங்கிய நத்தைகள் மாதிரி சுருண்டு கிடக்கும் ஒயர்கள். ஈயம் உருகிய மணம். ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் வெக்கை. பகலெல்லாம் விழுப்புரத்தில் ஓர் அரிசி மண்டியில் கணக்கு எழுதுகிறேன். மூட்டைகளின் தூசும் மனிதர்களின் கூச்சலும் காதில் அடைத்துக்கொண்டு வீடு வருகிறேன். மாடியேறி அந்த வெக்கைக்குள் உட்கார்ந்தால்தான் எனக்கு மூச்சு திரும்பும். அங்கேதான் எழுதுவேன், அங்கேதான் பற்றவைப்பேன். இரண்டும் ஒரே மேசை. சில கவிதைகளில் ஈயம் உருக்கும் சூட்டுக்கோல் சுட்ட ஓட்டை இருக்கிறது.

கணவர் உரக்கடையிலிருந்து வந்ததும் கேட்டேன். அவர் சண்டைக்கு வருகிற ஆள் இல்லை, சமாதானத்துக்கு வருகிற ஆள். அதுதான் பேஜாரு.

"ஆடி முடியட்டும்" என்றார். "ஆடியில எவனும் குடி வர மாட்டான். அதுவரைக்கும் உனக்கு டைம். மேல இருக்கறதுல ஒண்ணே ஒண்ணு வேலை செய்யுதுன்னு காட்டு. ரூம் உன்னுது. இல்லன்னா அக்கா சொல்றமாரி உட்டுடலாம்."

"சூட்டுக்கோல் வேலை செய்யுதே."

"அது கடையில புதுசா வாங்குனது. செத்ததுன்னு தெரிஞ்சே வாங்கிக்கினு வர்ற பாரு, அதுல ஒண்ணு பொழைச்சு எந்திரிக்கட்டும்."

சரி என்றேன். அவ்வளவு சுலபமாகச் சொன்னேன். யாராவது நம் கையைச் சந்தேகித்தால் கை உடனே முன்னால் வந்துவிடுகிறதே, அந்தத் திமிர்.

என் மேசையின் நோய்க்கதை இது. ரேடியோ செத்திருந்தது. அதைச் சோதிக்க ஒரு பவர் சப்ளை வேண்டும்; மலிவாகக் கிடைத்ததென்று செத்த பவர் சப்ளை ஒன்றை வாங்கினேன். அதில் எங்கே கோளாறு என்று கண்டுபிடிக்க ஒரு ஸ்கோப் வேண்டும். மின்சாரம் எப்படி ஏறி இறங்குகிறது என்பதைச் சின்னத் திரையில் பச்சைக் கோடாக வரைந்து காட்டும் பெட்டி அது. டாக்டருக்கு ஸ்டெதாஸ்கோப் எப்படியோ, பழைய பெட்டிகளை நோண்டுகிற எங்களுக்கு அது அப்படி. புதிது வாங்கக் கையில் இல்லை. ஆகவே, செத்த ஸ்கோப் ஒன்று எங்காவது கிடைக்காதா என்று அலைந்துகொண்டிருந்தேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். எங்கள் கூட்டத்தில் எல்லோரும் இப்படித்தான். செத்ததைப் பிழைக்கவைக்க இன்னொரு செத்ததை வாங்குவோம்.

ஆடி பிறந்த வாரத்தில் திண்டிவனத்துக் காயலான் கடைக்காரர் போனில் ஒரு படம் அனுப்பினார். 'சின்ன டிவி, வேணுமாக்கா' என்று கீழே எழுதியிருந்தார். மூடிப்போன ஏதோ ஒரு பயிற்சிக்கூடத்தின் சாமான்களோடு வந்ததாம். படத்தில் வட்டக் குமிழ்கள், கட்டம் போட்ட கண்ணாடி. டிவி அல்ல. ஸ்கோப்பேதான்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன். எங்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. காயலான் கடைக்குள் நுழைந்தால், வேண்டிய பொருளைப் பார்க்கக் கூடாது. வேண்டாத ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும், அதன் விலைக்குச் சண்டை போட வேண்டும், அலுத்துப்போய்க் கிளம்புகிற மாதிரிக் கிளம்பி, வாசலில் நின்று, "இது இன்னா, இங்க கிடக்குது?" என்று கேட்க வேண்டும். பெண்ணாக இருப்பதில் எனக்கு ஒரு வசதி. பழைய பேப்பர் போட வந்தவள் என்று நினைத்துக்கொள்வார்கள். ஆனால் இந்த ஆளுக்கு என்னைத் தெரியும்.

அவர் தராசின் பக்கத்தில் உட்கார்ந்து அவித்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உரித்துக்கொண்டிருந்தார்.

"மிக்ஸி மோட்டார் எதுனா இருக்குதாண்ணே?"

"நான் போட்டோ அனுப்புனது டிவிய. நீ மோட்டாரக் கேக்கற."

"டிவி எனக்கு இன்னாத்துக்கு? வூட்ல பெருசா ஒண்ணு இருக்குது."

"அப்ப சரி. சாயங்காலம் ஒடைச்சு காப்பரத் தனியா எடுத்துட்றேன்."

"இரு இரு, அவசரப்படாத. பாக்கறேன்."

"பாரேன். மோட்டாரக் கையில வெச்சிக்கினு வந்ததுலேர்ந்து அதத்தான பாத்துக்கினு இருக்கற."

பிடிபட்டுவிட்டேன். பிடிபட்டபின் வெட்கம் எதற்கு? எடை போடச் சொன்னேன்.

"எடையா? பீஸ் கணக்குக்கா. இத்தினி குமிழு இருக்குது பாரு. குமிழுக்கு இவ்ளோன்னு போட்டாகூட எங்கயோ போய் நிக்கும்."

"குமிழெல்லாம் பிளாஸ்டிக். பிளாஸ்டிக் இன்னா வெலைக்கு எடுக்கற நீ?"

"சாமி! கண்ணாடி?"

"கண்ணாடிய நீ வாங்கறதே இல்ல. போர்டு எழுதி மாட்டியிருக்கற."

கடைசியில் இரும்பு விலைக்குத் தராசில் ஏற்றினார். ஏற்றிவிட்டு மல்லாட்டைத் தோலை ஊதினார், தோற்றவர் மாதிரி. தோற்கவில்லை என்று இருவருக்கும் தெரியும். சுவரில் ஒட்டியிருந்த க்யூஆர் அட்டையைப் போனால் படம்பிடித்துப் பணம் போட்டேன்.

"இது எரியுமாண்ணே?"

"எரியற பொருள் என்னாண்ட ஏன்கா வருது?"

பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டேன். கண்டக்டர் எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா அது, ஸ்டவ்வா? லக்கேஜ் போடணும்." மடியில் இருந்தால் லக்கேஜ் இல்லை என்றேன். "மடியில வெச்சா கொழந்தையா ஆயிடுமா?" என்றார். "ஆயிடும்" என்றேன். பக்கத்து இருக்கைக்காரி சிரித்தாள். கண்டக்டரும் விசிலை ஊதிவிட்டுப் போனார். சிமென்ட் நிறத்து வெயிலில் சாலை ஓடியது. பொம்மையார்பாளையம் பக்கமிருந்து மீன்கூடையோடு வந்த ஒருத்தி இறங்கும்போது பெட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு இறங்கினாள். அதன் தகரம் சூடேறி என் தொடையைச் சுட்டது. சுடட்டும் என்று பிடித்துக்கொண்டேன்.

மறுவாரம் டீக்கடையில் அதன் படத்தைக் காட்டினேன். விழுப்புரம் ஸ்டேஷனுக்கு எதிர்ச்சந்தில் நாங்கள் நாலைந்து பேர் கூடுவோம். வாங்கியதை மேசையில் வைக்க வேண்டும், மற்றவர்கள் விலையை ஊகிக்க வேண்டும். ஊகித்ததைவிட அதிகம் கொடுத்து ஏமாந்தவர்தான் எல்லோருக்கும் டீ சொல்ல வேண்டும். என் பெட்டிக்கு அவர்கள் சொன்ன விலைகளைக் கேட்டு நான் டீயை ஊதிக்கொண்டே இருந்தேன். விலையைச் சொன்னதும் ஒருவர் எழுந்து நின்று கும்பிட்டார். அது வேலை செய்யுமா என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்த மேசையில் அப்படிக் கேட்பது, கல்யாண வீட்டில் மாப்பிள்ளைக்கு உடம்பில் என்ன நோய் என்று கேட்பது மாதிரி.

ஆனால் வீட்டில் கேட்டார்கள். தினமும் கேட்டார்கள்.

முதலில் சீரிஸ் பல்பு வைத்து மின்சாரம் கொடுத்தேன். தெரியாத பெட்டிக்கு நேராகக் கரண்ட் கொடுக்காமல், நடுவில் ஒரு குண்டு பல்பைக் கோர்த்துக் கொடுப்பது எங்கள் வழக்கம். உள்ளே பெரிய கோளாறு என்றால் பெட்டிக்குப் பதில் பல்பு எரிந்து நம்மை எச்சரிக்கும். பல்பு மங்கலாக எரிந்தது. நல்ல சகுனம். பெட்டிக்குள்ளிருந்து டிக், டிக், டிக் என்று ஒரு பூச்சியின் சத்தம். திரை இருட்டு. உயிர் வர முயன்று முயன்று தோற்றுப்போகிற சத்தம் அது. பகலில் மண்டியில் மூட்டை எண்ணும்போதுகூட என் காதில் அது அடித்துக்கொண்டிருந்தது.

கோளாறைக் காண வேலை செய்கிற ஸ்கோப் ஒன்று வேண்டும். எங்கள் கூட்டத்தில் அது ஒருவரிடம்தான் இருக்கிறது. கோலியனூரில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிறார். உள்ளங்கையகலச் சீனத்து ஸ்கோப். அதைப் பெண்டாட்டியிடம்கூடத் தரமாட்டார். ஆடி மாதம் அவருக்கு மூச்சுவிட நேரமில்லை, அம்மன் கோயிலுக்கெல்லாம் குழாய் ஸ்பீக்கர் கட்டுகிறார். இரண்டு கோயில்களுக்கு நடுவே ஒரு மத்தியானம் தூக்குவாளியில் கேப்பைக் கூழோடு வந்து இறங்கினார்.

"மொதல்ல கூழக் குடிக்கா. பொறவு பொணத்தப் பாக்கலாம்."

பார்த்தோம். பெட்டியின் நடுவில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர், சோப்புக்கட்டி அளவு, பழுப்பு நிறப் பிசினால் மூடியது. திரைக்கு வேண்டிய பெரிய வோல்டேஜைத் தருவது அதுதான். அதைக் கழற்றினால் மற்றதெல்லாம் அமைதியாகச் சரியாக வந்தது. மாட்டினால் எல்லாம் சரிந்து, டிக் டிக்.

"இதான்கா. உள்ள சுத்து ஷார்ட்டு. இந்தச் சாமான் கடையில வராது. இதே மாடல்ல இன்னொண்ணு கெடச்சா அதுலேர்ந்து புடுங்கிப் போடலாம்."

இதே மாடலில் இன்னொன்று! நான் போனைக் கையில் எடுத்துவிட்டேன். செத்த சாமான்களை வாங்கி விற்கும் குழுக்களில் இரண்டு நாள் தேடி, ஈரோட்டில் ஒன்றைப் பிடித்தேன். 'பார்ட்ஸுக்கு மட்டும், கேரண்டி கேட்காதீர்' என்று போட்டிருந்தது. பேரம் பேசினேன், அவர் இறங்கினார், நான் ஏறவில்லை, அவர் இன்னும் இறங்கினார். ஒரு செத்ததில் ஒரு பாகம்தானே போயிருக்கும். இரண்டு செத்தவை சேர்ந்தால் ஒரு உயிர். கணக்கு எழுதுகிறவளின் கணக்கு.

கூரியர் வந்த அன்று வீட்டில் இன்னொரு விசேஷம். அண்ணி ஆடித் தள்ளுபடிக்குப் போய்ப் பைகளோடு திரும்பியிருந்தார். கூடத்தில் புடவைகள் விரிந்து கிடந்தன. பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து தொட்டுப் பார்த்து, "எத்தினிக்கு? பாதி வெலையா? அடேயப்பா" என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பூக்களுக்கு நடுவே கூரியர்காரர் என் அட்டைப்பெட்டியை இறக்கினார்.

"இன்னாது?" என்றார் அண்ணி.

"ஸ்கோப்."

"அதான் மேல ஒண்ணு இருக்குதே."

"அது வேலை செய்யல."

"இது?"

"இதுவும் செய்யாது."

பக்கத்து வீட்டுக்காரி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். அவர்களுடைய தள்ளுபடியும் என்னுடைய தள்ளுபடியும் ஒரே தரையில் கிடந்தன. என் பேரம் அவர்களுடையதைவிடப் பெரியது. ஆனால் எனக்காக ஒருத்தியும் கன்னத்தில் கை வைக்கவில்லை.

மாடியில் அதைத் திறந்தேன். சவுண்ட் சர்வீஸ்காரர் அடுத்த கோயிலுக்குப் போகிற வழியில் வந்து நின்றார். டிரான்ஸ்ஃபார்மரை எடுத்து முதல் பெட்டியில் மாட்டினோம். டிக், டிக், டிக்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. அவர் மெதுவாக அந்தப் பிசினை விரலால் தடவினார். அதே பழுப்பு, அதே இடத்தில் மயிரிழை விரிசல். இந்த மாடலில் இந்தப் பிசின் காலப்போக்கில் ஈரத்தை இழுக்கும், ஈரம் சுற்றுக்குள் இறங்கும், இறங்கினால் முடிந்தது. இரண்டும் ஒரே நோயில் செத்தவை. அந்த நோயால்தான் ஒன்று திண்டிவனத்துத் தராசுக்கும் மற்றது ஈரோட்டு விளம்பரத்துக்கும் வந்தன. நல்ல டிரான்ஸ்ஃபார்மர் உள்ள பெட்டியை ஏன் ஒருவன் எறியப்போகிறான்? மலிவாகக் கிடைக்கிற ஒவ்வொன்றும் அதே காரணத்தால்தான் மலிவு. இவ்வளவு சின்ன விஷயம் எங்கள் இருவர் மூளைக்கும் எட்டவில்லை. பேரம் படிந்த சந்தோஷத்தில் யாருக்கு எட்டும்?

"ஆடி எப்பக்கா முடியுது?" என்றார்.

"இந்த வாரம்."

அவர் வாசல் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு சொல்றேன், திட்டாத. திரைக்குப் பின்னால ஒரு பச்சை எல்இடி. ஒரு பேட்டரி. சுவிட்சு போட்டா பச்சையா எரியும். அவங்களுக்கு இன்னா தெரியப்போவுது?"

"போய்யா."

"ஜல்தியா முடிஞ்சிடும்க்கா. பத்து ரூபா சாமான். ரூமு மிஞ்சும்."

அவர் போனபின் நான் அதைச் செய்தேன். சொல்வதற்கென்ன, செய்தேன். ஊறுகாய் பாட்டிலிலிருந்து ஒரு பச்சை எல்இடி, ரிமோட்டிலிருந்து பிடுங்கிய இரண்டு பேட்டரி, கட்டம் போட்ட கண்ணாடிக்குப் பின்னால். சுவிட்சைத் தட்டினேன். பச்சை. அழகான, அசையாத, எதையும் அளக்காத பச்சை. மத்தியான வெளிச்சத்தில் அது என்னைப் பார்த்தது, நானும் அதைப் பார்த்தேன். பார்க்கப் பார்க்க எனக்குக் கோபம் வந்தது. பச்சை மேல் இல்லை. இந்த அறையில் நான் உட்கார ஒரு பெட்டி சாட்சி சொல்ல வேண்டுமா? நான் சம்பாதிக்கிறேன், சமைக்கிறேன், இந்த வீட்டுத் துணியெல்லாம் இந்த மொட்டை மாடிக் கொடியில்தான் என் கையால் ஏறி இறங்குகின்றன. பதினாறுக்குப் பத்தடி வெக்கைக்கு நான் பொய் விளக்கு ஏற்ற வேண்டுமா? எல்இடியைப் பிடுங்கித் திரும்பப் பாட்டிலில் போட்டேன்.

ஆவணி பிறந்த முதல் ஞாயிறு அவர்கள் ஏறி வந்தார்கள். முன்னால் அண்ணி, நடுவில் வாடகைக்கு வர இருக்கிற மருந்து கம்பெனி விற்பனையாளர், பின்னால் என் கணவர். வந்தவர் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே பார்த்தார், பயந்த மாதிரி.

கணவர் கேட்டார். "இன்னா, எரிஞ்சுதா?"

"எரியல."

"ரெண்டுமா?"

"ரெண்டும்."

அண்ணி வந்தவரிடம் திரும்பினார். "பாத்துக்கோங்க சார். ரெண்டு நாள்ல காலி பண்ணி, வெள்ளையடிச்சிக் குடுத்துட்றோம்."

"குடுக்க மாட்டோம்" என்றேன்.

"இன்னாது?"

"ரூம் வாடகைக்கு இல்ல அண்ணி."

"நீதான சரின்ன? பேசுனது பேசுனதுதான?"

"சரின்னது தப்பு. எரிஞ்சாத்தான் ரூமுன்னு கேட்டதும் தப்பு. எரியலன்னு உள்ளதச் சொல்றேன். குடுக்க மாட்டேன்னும் உள்ளதத்தான் சொல்றேன்."

"அப்ப இந்தக் கருமாந்தரத்தால இன்னாதான்டி பிரயோசனம்?"

பதில்கள் என்னிடம் நிறைய இருந்தன. பழுதுபார்த்து விற்கலாம், நாலு பேருக்குக் கற்றுத்தரலாம், வீட்டு ரிப்பேர்ச் செலவு குறையும். எல்லாப் பதிலும் அந்தப் பச்சை எல்இடி மாதிரி.

"ஒண்ணும் இல்ல" என்றேன். "ஒரு பிரயோசனமும் இல்ல. எனக்கு வேணும்."

"இவ்ளோ திமிரா?"

"பரண் மேல எத்தினி பித்தளை அண்டா இருக்குது அண்ணி? என்னிக்காச்சும் எறக்கிப் பொங்கியிருக்கீங்களா?"

"அது எங்கம்மா குடுத்த சீரு!" அவர் குரல் உடைந்து மேலேறியது. "அதப் போய் இதுகூட..."

"சீருதான். வேலை செய்யுதான்னு அதுகிட்ட யாரும் கேக்கல. கேக்கவும் கூடாது. நானும் கேக்க மாட்டேன். அது அங்கியே இருக்கட்டும். இது இங்கியே இருக்கட்டும்."

அண்ணி என்னை உற்றுப் பார்த்தார். புளி போட்டுத் தேய்த்து, துணி சுற்றி, வருஷத்துக்கு ஒருதரம் இறக்கித் தடவிப் பார்த்து ஏற்றிவைக்கிறவர் அவர். அந்தத் தடவலை நான் கதவிடுக்கில் பார்த்திருக்கிறேன். அவர் டேப்பை இடுப்பில் சொருகிக்கொண்டு படியிறங்கினார். சமாதானம் ஆகவில்லை. ஒவ்வொரு படியிலும் ஒரு வசவு இறங்கியது.

வந்தவர், "நான் வேணா அப்புறமா வர்றேங்க" என்றார்.

"வேணாம் சார், வராதீங்க" என்றேன். மரியாதையாகத்தான் சொன்னேன்.

வந்தவர் என் கணவரைப் பார்த்தார். கணவர் கூரையைப் பார்த்தார். "மழைக்கு ஒழுகும் சார் இது. உங்களுக்குச் சரிவராது. வேற எடம் பாருங்க" என்றார்.

அந்தக் கூரை ஒருநாளும் ஒழுகியதில்லை. ஒரு சொட்டுகூட.

அவரை அனுப்பிவிட்டு வந்து கணவர் நிலைப்படியில் நின்றார். "அக்கா ஒரு மாசத்துக்குப் பேசாது" என்றார். தெரியும் என்றேன். "என்கிட்டயும் சேத்துத்தான் பேசாது." அதுவும் தெரியும் என்றேன். தலையைச் சொறிந்துகொண்டு இறங்கிப் போனார். நான் மேசைக்கு வந்து உட்கார்ந்தேன். வியர்வை கழுத்தில் ஓடியது. சூட்டுக்கோலை எடுக்கவில்லை. பேனாவையும் எடுக்கவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தேன், என் அறையில், இரண்டு இருட்டுத் திரைகளுக்கு முன்னால்.

போன் அதிர்ந்தது. குழுவில் யாரோ ஒருவர், சேலத்துக்காரர். நான் தேடிக்கொண்டிருந்த அதே மாடல் தன்னிடம் ஒன்று இருக்கிறது என்று எழுதியிருந்தார். கூடவே ஒரு வரி: 'ஆனா டெட் பீஸ்ங்க. டிக் டிக்னு சத்தம் மட்டும் வரும். பரவாயில்லையா?'

'பரவாயில்ல' என்று அடித்தேன். 'வெலை சொல்லுங்க. வைக்க எடம் இருக்குது.'